மாமனார் கையில் கொடுத்த கடிதம்

நான் எழுதிய முதல் காதல் கடிதத்தை அவளுடைய அப்பா கையில்தான் கொடுத்தேன். அவர்தான் அப்பா என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். கொடுக்காமல் இருந்திருந்தால் அவருக்கு மருமகனாகியிருக்க மாட்டேன். எது நல்லதற்கு என்று யாருக்குத் தெரியும்?

அவர் எங்கள் கல்லூரிக் காவலாளி. முந்நூறு பேர் படித்த சின்னத் தொழில்நுட்பக் கல்லூரி அது. இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில், பாலம் கட்டும் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை மேஜர் என்று கூப்பிட்டோம். வந்த புதிதில் ஒவ்வொருவரிடமும், "தம்பி, நான் மேஜர் இல்ல, ஹவில்தார்" என்று பொறுமையாகத் திருத்திப் பார்த்தாராம். ஒருநாள் கல்லூரி முதல்வரே, "மேஜர், அந்தக் கேட்டைக் கொஞ்சம் சாத்துங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரும் அந்தப் பதவி உயர்வை எதிர்த்துப் போராடவில்லை.

கேட்டை ஒட்டி ஒரு தகரக் கூண்டு. அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு குடை, ஆணியில் தொங்கும் விசில், நீளமான இரண்டு நோட்டுகள். ஒன்றில் எங்கள் முந்நூறு பேர் பெயரும் வரிசையாக இருக்கும். காலையில் உள்ளே போனால் பெயருக்கு நேரே ஒரு கோடு. மாலையில் வெளியே வந்தால் அந்தக் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு. இன்னொரு நோட்டு தபாலுக்கு. கல்லூரிக்கு வருகிற கடிதம், பார்சல், மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா எல்லாம் அதில் ஏறும். வாங்கிக்கொள்கிறவர் கையெழுத்துப் போட்டால்தான் டப்பா கிடைக்கும். பசியோடு நிற்பவனிடம்கூட, "தேதி போடல பாரு" என்பார்.

அவருடைய இடது முழங்கால் மடங்காது. முதல் வருடத்தில் சேர்ந்த எவனும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்:

"சண்டையில குண்டு பட்டதா மேஜர்?"

"இல்ல தம்பி. ஃபுட்பால் ஆடறப்போ எங்க சமையல்காரர் மேல மோதிட்டேன்."

"அவருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி சாப்பாடும் நேரத்துக்கு வந்துச்சு."

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவள் முதல் வருடத்தில் சேர்ந்தாள். அவளைப் பற்றி நான் கண்டுபிடித்தவை மொத்தம் மூன்று: வரைபட வகுப்பில் அவள் போடும் கோட்டை வாத்தியாரே எடுத்துக் காட்டுவார், யாரோடும் வீண்பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள், காலையில் கேட்டைத் தாண்டும்போது மட்டும் ஏதோ சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் ரொம்பப் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு எங்கள் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் இரண்டு நிபந்தனை போட்டாளாம். ஒன்று, சேர்ந்து வரக் கூடாது. இரண்டு, கேட்டில் அவளைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவே கூடாது. "சரி" என்று சொன்ன மனிதர் அதை இம்மி பிசகாமல் காப்பாற்றினார். தினமும் அவள் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார். படத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். "ம், போம்மா" என்பார். ஒருநாள் அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவளை, துறைத்தலைவர் வந்து "இவ நம்ம பொண்ணுதான்" என்று சொல்லும்வரை முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார். அன்று இரவு அவள் அவரோடு பேசவில்லை. அவர் மட்டும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "விதின்னா விதிதானே?" என்று மூன்று தடவை யாரிடம் என்றில்லாமல் கேட்டாராம்.

இதெல்லாம் தெரியாத நான், ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். என் அறைத் தோழன், நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் ஆறடி இரண்டங்குல ஆசாமி, அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு யோசனையும் சொன்னான்.

"நேர்ல குடுத்தா வாங்க மாட்டா. நம்பிக்கையான ஆள் மூலமா போகணும். மேஜரை விட்டா யார் இருக்கா? அவர் பிரிச்சுப் பாக்க மாட்டாரு, யாருகிட்டயும் சொல்லவும் மாட்டாரு."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் வேடிக்கை.

மறுநாள் மதியம் கேட்டில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். மேஜர் உறையை வாங்கினார். மேலே எழுதியிருந்த பெயரைப் படித்தார். வகுப்பையும் படித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தபால் நோட்டைப் பிரித்தார்.

"அவசரமா, சாதாரணமா?"

"சாதாரணம்தான் சார். ஆனா கொஞ்சம் அவசரம்."

"ரெண்டும் எழுத இடமில்ல. உள்ள என்ன?"

"பாடக் குறிப்பு சார்."

"எந்தப் பாடம்?"

"பொதுப் பாடம்."

'பாடக் குறிப்பு (பொது)' என்று அழகான கையெழுத்தில் எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன். "தேதி" என்றார். தேதியும் போட்டேன்.

அன்று அவர்கள் வீட்டில் நடந்ததை என் மாமியார் இன்றும் நடித்தே காட்டுவார். அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அன்று பகல் டியூட்டி. மூவரும் சாப்பிட்டு எழுந்ததும் மாமா பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் விரித்தாராம்.

"உனக்குத் தபால் இருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ."

"கேட்லயே குடுத்திருக்கலாமே?" என்றிருக்கிறாள் மகள்.

"கேட்ல உன்னை எனக்குத் தெரியாதே."

அவள் பிரித்து இரண்டு வரி படித்ததும் முகம் போன போக்கைப் பார்த்து அத்தைக்குப் புரிந்துவிட்டது. "சத்தமாப் படிடி, நானும் கேக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாமா உடனே எழுந்தார். "இது தனிப்பட்ட கடிதம். நான் கேக்கறது முறையில்ல" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன்தான். ஆனா அந்தப் படி ஜன்னலுக்கு நேர் கீழ இருக்கு. மூணாம் பக்கம் படிக்கறப்போ வெளியில இருமற சத்தம் கேட்டுச்சு. சிரிப்பை இருமலா மாத்தறது அவருக்குக் கைவந்த கலை" என்பார் அத்தை.

மூன்றாம் நாள் காலை மேஜர் என்னை விரலால் கூப்பிட்டார். எனக்கும் ஒரு உறை வந்திருந்தது. கையெழுத்து, தேதி எல்லாம் போட்டு வாங்கி, ஆவல் தாங்காமல் அங்கேயே பிரித்தேன். உள்ளே நான் எழுதிய நாலு பக்கமும் இருந்தன. அங்கங்கே சிவப்பு மையில் வட்டம். கடைசிப் பக்கத்தின் அடியில் அவள் எழுதியிருந்தாள்:

'பாடக் குறிப்பு கிடைத்தது. மொத்தம் பதினொரு எழுத்துப்பிழை. என்னை உங்கள் உயிர் என்கிறீர்கள். அந்த உயிருக்காவது சரியான ர் போட்டிருக்கலாம். இன்னொரு விஷயம். இதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவர் என் அப்பா.'

தலை நிமிர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேஜர் ஸ்டூலில் நேராக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"சரி. மணி அடிக்கப் போறாங்க, வகுப்புக்குப் போ."

அன்று முழுக்க என் காதில் எந்தப் பாடமும் ஏறவில்லை. சாயங்காலம் அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டுமே என்ற நினைப்புதான். ராணுவத்தில் இருந்த மனிதர். கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி இருக்கும். கடைசியில் ஒட்டடைக்குச்சியின் தோளில் ஏறி, பட்டறைக்குப் பின்னால் இருந்த சுவரைத் தாண்டிக் குதித்தேன். மேலே இருந்த முள்கம்பி என் கால்சட்டையை இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிழித்தது. புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு சந்து சந்தாக அறைக்கு ஓடிவந்தேன்.

எங்கள் அறை ஒரு மாடியில். இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு பல்பு. ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஏழு மணி இருக்கும், படியில் ஒரு சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றும், இன்னொரு கால் இழுபடும். இரண்டு படிக்கு ஒரு தடவை நிற்கும். எங்கள் இருவருக்குமே புரிந்துவிட்டது. நான் துண்டைக் கட்டிக்கொண்டிருந்த கோலத்திலேயே கட்டிலுக்கு அடியில் புகுந்தேன்.

ஒட்டடைக்குச்சி கதவைத் திறந்தான். என் கண்ணுக்குத் தெரிந்தது சேறு படிந்த இரண்டு பூட்ஸும் சொட்டுகிற மழைக்கோட்டின் விளிம்பும்தான்.

"உன் கூட்டாளி எங்க?"

"அவன்... அவன் இன்னும் வரல மேஜர். ஊருக்குப் போயிருப்பான்."

"எப்படிப் போவான்? காலையில எட்டு நாப்பதுக்கு உள்ள வந்தவன் இன்னும் வெளிய வரல. முந்நூறுல ஒண்ணு குறையுது." அவருக்கு மூச்சு வாங்கியது. "மூணு லேப் பாத்தேன். லைப்ரரி பாத்தேன். பட்டறையில மெஷினுக்கு அடியில எல்லாம் பாத்தேன். மொட்டைமாடித் தண்ணித் தொட்டியில ஏறி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வரேன்."

தண்ணீர்த் தொட்டி என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. நான் பயந்து ஒளிந்தது அடிக்கு. அந்தக் குரலைக் கேட்ட பிறகு கட்டிலுக்கு அடியில் இருக்க முடியவில்லை. துண்டோடு தவழ்ந்து வெளியே வந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஒட்டடைக்குச்சி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தான், முழுதையும் குடித்தார். அவருடைய சைக்கிளில் இடது பெடல் கிடையாது. மடங்காத காலைத் தொங்கவிட்டு, ஒற்றைக் காலால் மிதித்துத்தான் எங்கேயும் போவார். அப்படியே அந்த மழையில் மூன்று மைல் வந்திருக்கிறார்.

பிறகு மழைக்கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டை எடுத்தார்.

"வெளிய போன நேரம் சொல்லு."

"அஞ்சு பத்து சார்."

"எந்த வழியா?"

"சுவர் வழியா."

எழுதினார். என் பெயருக்கு நேரே குறுக்குக் கோடு போட்டார். அதைப் போட்ட பிறகுதான் அவருடைய தோள் இறங்கியது.

"சார், அந்தக் கடிதம்..." என்று ஆரம்பித்தேன்.

"கடிதம் உனக்கும் அவளுக்கும். அதுல எனக்கு வேலையில்ல. என் வேலை கேட்ல." காலிச் சொம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தம்பி, நாங்க ஒரு தடவை ஒரு ஆத்து மேல பாலம் போட்டோம். பதினோரு மணி நேர வேலை. முடிஞ்சதும் எங்க ஆளுங்க வண்டியில தாண்டிப் போனாங்க. எனக்கு வேற வேலையில்ல, எண்ணினேன். அறுபத்துநாலு வண்டி. ஒம்பது நாள் கழிச்சு அதே வழியா திரும்பி வந்தாங்க. அப்பவும் எண்ணினேன். அறுபத்தொண்ணு." சொம்பைக் கீழே வைத்தார். "அதுக்கப்புறம் எங்க நின்னாலும் எண்ணாம இருக்க முடியல. கேட் வழியாவே போ. என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போ. ஆனா கேட் வழியாப் போ."

நான் அழுதுவிட்டேன் என்று சொல்லத் தயக்கமில்லை. ஒட்டடைக்குச்சியும் அழுதான், அவன் எதற்கும் அழுவான்.

மேஜர் எழப் போனவர், மேஜையில் கிடந்த கால்சட்டையைப் பார்த்தார். எடுத்து விரித்துக் கிழிசலின் நீளத்தை விரலால் அளந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே ஊசி, நாலு நிற நூல், பொத்தான்கள். பல்புக்குக் கீழே உட்கார்ந்து, மழை விடும்வரை அந்தக் கிழிசலைத் தைத்தார். அந்தக் கால்சட்டை பிற்பாடு எல்லா இடத்திலும் கிழிந்தது, அந்த இடத்தைத் தவிர.

அதற்குப் பிறகு நான் அவளுக்குக் கடிதம் எழுதவில்லை. நேரிலேயே பேசினேன். எழுத்துப்பிழை வராது அல்லவா? படித்து முடித்து, பம்பு செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்து, நாலு வருடம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனேன். மாமா மூன்றே கேள்விதான் கேட்டார்.

"பத்து பேருக்குச் சமைப்பியா?"

"தெரியாது சார்."

"பொத்தான் தைப்பியா?"

"தெரியாது."

"நீச்சல்?"

"அதுவும் தெரியாது."

"மூணுக்கும் பொய் சொல்லல. பாஸ்" என்றார். ஆனால் நீச்சலை மட்டும் விடவில்லை. இருபத்தைந்து வயதில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து, இடுப்பில் காற்றடைத்த வளையம் மாட்டிக்கொண்டு நான் நீச்சல் கற்றேன். மாமா குளத்தின் விளிம்பில் விசிலோடு நிற்பார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு வாண்டு என்னைத் தாண்டி நீந்திக்கொண்டே, "அங்கிள், காலை அடிங்க, காலை அடிங்க" என்று உற்சாகப்படுத்திவிட்டுப் போகும்.

மாமா போன வருடம், எழுபத்தெட்டு வயதில், மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் அப்படியே போய்விட்டார். போன மாதம் பழைய மாணவர்கள் சேர்ந்து கல்லூரிப் பட்டறையில் அவருக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். எழுபது நாற்காலி போட்டிருந்தார்கள். இருநூறு பேர் வந்துவிட்டார்கள். கடைசல் இயந்திரங்கள் மேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், சாப்பாட்டு டப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டே தன் கையெழுத்து அழகானதாகச் சொன்னார். இன்று பெரிய ஒப்பந்தக்காரராக இருக்கும் ஒட்டடைக்குச்சி மேடையேறி, கட்டிலுக்கு அடியில் நான் கிடந்த காட்சியை என் மனைவி முன்னால், என்னோடு வந்திருந்த அலுவலக நண்பர்கள் முன்னால் விலாவாரியாக விவரித்தான். துண்டின் நிறத்தைக்கூட விடவில்லை. பேச்சின் முடிவில் வழக்கப்படி அழுதான்.

கடைசியாக என் மனைவி பேசினாள்.

"அப்பா லீவுல வந்திருக்கறப்போ, எங்கம்மாவுக்கு நைட் டியூட்டி வர்ற நாள்ல எனக்கு அவர்தான் தலை பின்னுவார். அவருக்குத் தெரிஞ்சது பாலத்துக்குக் கயிறு திரிக்கறது. அதையே என் தலையில பண்ணினார். ஒரு டன் பாரம் தாங்கும். இழுத்த இழுப்புல புருவம் மேல போயிடும். நான் நாள் பூரா ஆச்சரியப்பட்டுக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும். 'இந்தப் பொண்ணு ஒவ்வொரு கணக்கையும் எவ்வளவு ஆர்வமா கவனிக்கறா பாரு'ன்னு டீச்சர் என்னை முன் பெஞ்சுக்கு மாத்தினாங்க. முன்னாடி உக்காந்ததால படிக்க வேண்டியதாயிடுச்சு. அப்படித்தான் நான் படிச்சேன்."

பட்டறையே குலுங்கியது. முன்வரிசையிலிருந்து அத்தை, "அவிழ்க்க மறுநாள் நான்தான் வரணும், அதையும் சொல்லு" என்றார். சிரிப்பு அடங்க இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.

கூட்டம் முடிந்து மூவரும் காரில் திரும்பினோம். வழியில் அத்தை டீ வேண்டும் என்றார். சாலையோரக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு வருடமாக அவர் அதிகம் பேசாமல் இருந்தார். அன்று தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே ஆரம்பித்தார்.

"எல்லாரும் அவர் பொய்யே சொல்லாதவர்னு பேசினாங்க. ஒரு தடவை சொல்லியிருக்கார்."

என் மனைவி திரும்பினாள். "அப்பாவா? எப்ப?"

"நீ பொறந்தப்போ. நாலு நாள் லீவு குடுத்தாங்க. வந்து சேரவே ஒரு நாள் போயிடுச்சு. வந்தவர் உன் தொட்டில் பக்கத்துல உக்காந்தார், எழவே இல்ல. கிளம்பற அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரிப் போன்ல அவர் ஆபீசரைக் கூப்பிட்டார். 'குழந்தை இன்னும் கண் திறக்கலீங்க சார். திறந்ததும் புறப்படறேன்'னார். அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ, இன்னும் மூணு நாள் கிடைச்சுது."

"எனக்குக் கண்ணுல ஏதாவது பிரச்சினை இருந்துச்சாம்மா?"

"ஒரு பிரச்சினையும் இல்ல. பொறந்த ஒரு மணி நேரத்துல முழிச்சுட்ட. அவர் போன் பேசறப்போ அவரையேதான் பாத்துக்கிட்டு இருந்த. அவர் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டுப் பேசினார்."

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அத்தை காலித் தம்ளரை என்னிடம் நீட்டி, "இன்னொண்ணு சொல்லு மாப்பிள்ளை, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்றார்.